பழகிய இடமும் புதிய ஆளும்

சூப்பர் பௌல் ஆட்டங்களில் பலவும் சில வருடங்களில் நினைவிலிருந்து கழன்றுவிடுகின்றன. 2021 பிப்ரவரி 7 அன்று டாம்பாவில் நடந்த ஆட்டத்தின் ஒரு காட்சி மட்டும் அப்படியே நிற்கிறது. கடைசிக் கால்பகுதி. கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் ஓடி ஓடிக் களைத்து, கால் தடுமாறிச் சரிகிறார். உடல் தரைக்கு இணையாக அந்தரத்தில் கிடக்க, அந்த நிலையிலேயே பந்தை வீசுகிறார். பந்து குறி தப்பவில்லை. எல்லைக்குள் நின்றிருந்த சக ஆட்டக்காரரின் முகக்கம்பியில் பட்டுக் கீழே விழுகிறது. அன்று சீஃப்ஸ் ஒரு டச் டவுன்கூடப் போடவில்லை. 31-9 என்று தோற்றார்கள். மஹோம்ஸ் பந்தை வீசப் பின்வாங்கிய 56 தடவைகளில் 29 தடவை எதிரணியினர் அவரை நெருக்கினார்கள். பந்து கையை விட்டுப் போகும் முன்னரே, பிடிபடாமல் இருக்க அவர் ஓடிய தூரத்தைக் கூட்டினால் 497 கெஜம். நாலைந்து மைதான நீளம், கோட்டுக்குப் பின்னாலேயே.

இது நாம் கால்பந்து என்று சொல்லும் விளையாட்டு அல்ல. அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது. இதில் குவார்ட்டர்பேக்கின் முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், கோடிகளில் டேக்கிள்கள். ஆளுக்கு நூற்று நாற்பது கிலோ அளவில் இருப்பார்கள். சென்டரைத் தவிர மற்றவர்கள் பந்தைத் தொட்டாலே அது செய்தி. அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்றால் அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று அர்த்தம். அந்த பிப்ரவரிக்குப் பிறகு கான்சஸ் சிட்டியில் அவர்களைத் தவிர வேறு எதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. இடது டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு முந்தைய ஆட்டத்தில் குதிகால் நாண் அறுந்திருந்தது. வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுவலியால் அக்டோபரிலிருந்தே இல்லை. ஆகவே வலப்பக்கம் ஆடிவந்த மைக் ரெம்மர்ஸை இடக்கோடிக்கு மாற்றினார்கள். கார்டாக இருந்த ஆண்ட்ரூ வைலியை வலக்கோடிக்குத் தள்ளினார்கள். இருவரும் அனுபவசாலிகள், ஆனால் அன்று இருவரும் நின்றது அடுத்தவர் வீட்டுத் திண்ணையில். எதிரே டாம்பா அணியின் வலக்கோடியில் நின்றவர் ட்ரிஸ்டன் வெர்ஃப்ஸ். வயது 22, முதல் வருடம்; ரூக்கி என்பார்கள். ஐயோவா பல்கலைக்கழகத்தில் எந்தப் பக்கம் நின்றாரோ அதே பக்கம். கொரோனாவால் அந்த வருடம் பயிற்சி ஆட்டங்கள் மொத்தமாக ரத்தாகியிருந்தன. ஒரு வெள்ளோட்டம்கூட இல்லாமல் நேரே சீசனுக்குள் இறக்கப்பட்டு, ஒரு ஆட்டம் விடாமல் ஆடி, குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் முன்னால் நின்று கோப்பை வாங்கினார்.

தோற்ற அணி ஒரே வசந்தத்தில் முன்வரிசை ஐந்தையும் கலைத்துவிட்டு மறுபடி கட்டியது. ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் இருவரும் மார்ச்சில் ஒரே நாளில் விடுவிக்கப்பட்டார்கள். இடது கார்டு இடத்துக்கு ஜோ துனியை ஐந்து வருடம், 80 மில்லியன் டாலர் என்று எடுத்தார்கள். ஒர்லாண்டோ பிரவுனை பால்டிமோரிலிருந்து வாங்கினார்கள். இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 63-ஆவதாக ஒக்லஹோமா பல்கலைக்கழகத்து சென்டர் கிரீட் ஹம்ஃப்ரியையும், 226-ஆவதாக டென்னசியின் ட்ரே ஸ்மித்தையும் எடுத்த பிறகுதான் தகராறு. வலது டேக்கிளுக்கு வந்த லூகாஸ் நியாங் முந்தைய வருடம் எடுக்கப்பட்டவர். கொரோனா காரணமாக ஒதுங்கிக்கொண்டதால் அவரும் ஒரு ஆட்டம் ஆடியிருக்கவில்லை. ஆக, 450 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்ட குவார்ட்டர்பேக்கின் முன்னால், ஐந்தில் மூன்று பேர் தொழில்முறை ஆட்டத்தில் ஒருமுறைகூடக் களம் காணாதவர்கள். ‘கால் விரலில் ஆபரேஷன் செய்து வந்திருக்கிறார், அவரிடம் போயா பரிசோதனை’ என்று ஒரு கட்சி. ‘ஆடாமல் எப்போதுதான் கற்றுக்கொள்வது’ என்று இன்னொரு கட்சி. அந்தக் கோடைக்கால வாதங்களை இப்போது நினைத்துப் பார்த்தால், இரண்டு தரப்பும் ஒரே தவறான அளவுகோலை வைத்திருந்தது தெரிகிறது. இரண்டு பேரும் வருடங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ண வேண்டியது இடத்தை. பழகிய இடத்தில் நிற்கும் புதியவரைவிட, இடம் மாறி நிற்கும் பழையவர்தான் அதிகம் ரூக்கி. டாம்பாவில் அந்த இரவு காட்டியதே அதுதான். ஆனால் தோற்றவர்கள் கண்ணுக்கு அது காயம் செய்த சதியாக மட்டும் பட்டது.

பொறுத்திருக்கச் சொன்னவர்களிடம் ஒரு பலமான ஆதாரம் இருந்தது, அதுவும் வீட்டுக்குள்ளேயே. மஹோம்ஸ் 2017-இல் வந்தபோது அப்போதைய குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்திருந்தார். சீசனின் கடைசி ஆட்டம் ஒன்றில்தான் தொடங்கினார். அடுத்த வருடம் லீகின் சிறந்த ஆட்டக்காரர். உட்கார்ந்து பார்த்தது அவருக்கு உதவியது என்றால், ஹம்ஃப்ரிக்கு ஏன் உதவாது? கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் குவார்ட்டர்பேக்கின் படிப்பில் பெரும்பகுதி கண்ணால் ஆவது: எதிரணியின் அமைப்பு எப்படி மாறுகிறது, யார் பொய்யாக முன்னே வந்து பின்வாங்குகிறார், எந்த நேரத்தில் எவர் காலியாகிறார். ஓரத்தில் நின்று, வீடியோ பார்த்து, கூட்டத்தில் உட்கார்ந்து இதில் பாதியையாவது கற்கலாம். முன்வரிசைக்காரரின் படிப்பு இடுப்பிலும் உள்ளங்கையிலும் இருக்கிறது. எதிரே நூற்று முப்பது கிலோ ஆள் மார்பில் கை வைத்துத் தள்ளும்போது எந்தக் காலை எவ்வளவு பின்னுக்கு எடுக்க வேண்டும் என்பதை வீடியோ சொல்லித்தராது. ஒரு காலத்தில் பெஞ்சில் இருந்தவருக்கும் அந்தத் தள்ளு வாரம் முழுக்கக் கிடைத்தது; பயிற்சியே சண்டையாக இருந்தது. லீகும் ஆட்டக்காரர் சங்கமும் 2011-இல் போட்ட ஒப்பந்தம் அதை மாற்றிவிட்டது. கோடை முகாமில் ஒரே நாளில் இரண்டு முழுப் பயிற்சி என்ற வழக்கம் போனது. சீசன் முழுவதற்கும் பேட் கட்டிக்கொண்டு மோதும் பயிற்சி 14 தான் என்று வரம்பு வந்தது. ஆட்டக்காரர்களின் மூட்டுக்கும் மூளைக்கும் அது நல்லது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘ஒரு வருடம் உட்கார்ந்து பழுக்கட்டும்’ என்று இன்றும் சொல்பவர்கள், பழுக்கவைக்க இருந்த வைக்கோல் போய்விட்டதைக் கவனிக்கவில்லை.

ஹம்ஃப்ரியைப் பற்றிய கவலை வேறு மாதிரியானது. சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பவர் மட்டுமல்ல. எதிரே நிற்பவர்களில் நடு லைன்பேக்கர் யார் என்று கையை நீட்டிச் சுட்டுவார். அதிலிருந்துதான் மற்ற நான்கு பேரும் யாருக்கு யார் என்று எண்ணிக்கொள்வார்கள். அந்த எண்ணிக்கை ஒன்று பிசகினால் ஒருவர் தடையே இல்லாமல் குவார்ட்டர்பேக் மேல் வந்து விழுவார். இதை வெளியூர் மைதானத்தில் செய்யும்போது பார்க்க வேண்டும். எழுபதாயிரம் பேர் கத்துகிறார்கள், குவார்ட்டர்பேக்கின் குரல் இரண்டடி தூரம் எட்டாது. சென்டர் குனிந்து பந்தின் மேல் கைவைத்து எதிரணியைப் பார்த்தபடி இருக்கிறார். பக்கத்துக் கார்டு தலையைப் பின்னால் திருப்பி குவார்ட்டர்பேக்கையே பார்க்கிறார். குவார்ட்டர்பேக் காலை லேசாகத் தூக்கி வைக்கிறார். கார்டு சட்டென்று சென்டரின் இடுப்பில் ஒரு தட்டு தட்டிவிட்டு முகத்தை முன்னுக்குத் திருப்புகிறார். சென்டர் தலையை ஒருமுறை உயர்த்துகிறார்; ஒரு கணம்; பந்து பறக்கிறது. மற்ற மூவரும் அந்தத் தலையசைப்பைக் கடைக்கண்ணால் பார்த்தே நகர்கிறார்கள். தட்டுபவரும் தட்டு வாங்குபவரும் இருவருமே புதியவர்கள் என்றால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. போதாக்குறைக்கு ஹம்ஃப்ரி இடதுகைக்காரர், பந்தை இடது கையால் கொடுப்பவர். அது ஒரு குறையா என்றுகூடச் சிலர் அடித்துக்கொண்டார்கள். வேறு வேலை இல்லாதவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று சீசன் ஒக்லஹோமாவில் இதே இடத்தில், இதே வேலையை, இதே கையால் செய்தவர் அவர். அவரைப் புதியவர் என்று சொல்ல வைத்தது சம்பளச் சீட்டு மட்டும்தான்.

ட்ரே ஸ்மித்தின் கதை இன்னும் சங்கடமானது, ஏனென்றால் அவர் நிற்க வேண்டிய இடத்துக்கு ஏற்கெனவே உரியவர் இருந்தார். லோரன் டுவெர்னே-டார்டிஃப் முந்தைய சூப்பர் பௌலை வென்ற அணியின் வலது கார்டு. மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து முடித்த டாக்டர். 2020-இல் ஆட்டத்தை விட்டுவிட்டு கியூபெக்கில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கொரோனா நோயாளிகளிடையே வேலை பார்த்தார். அவர் திரும்பி வரும்போது அவர் இடத்தை, நுரையீரலில் ரத்தக்கட்டி இருந்த காரணத்தால் ஆறாம் சுற்றுவரை யாரும் தொடாத ஒரு ரூக்கிக்குக் கொடுப்பதா? விசுவாசம் என்று ஒன்று இல்லையா? ரசிகர் மனம் இப்படிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் இது நன்றிக்கடன் பற்றிய கேள்வி, தயார்நிலை பற்றியது அல்ல. இரண்டையும் சேர்த்துப் பிசைந்ததால்தான் அந்த வாதம் அவ்வளவு சூடாக இருந்தது. செப்டம்பரில் வலது கார்டாக ஸ்மித் நின்றார். நவம்பரில் டாக்டர் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார்.

அந்த சீசன் இரு கட்சிக்கும் தீனி போட்டது. கிளீவ்லண்டுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பாதி நேரத்தில் 22-10 என்று பின்தங்கி 33-29 என்று வென்றார்கள். பிறகு தடுமாற்றம், அக்டோபர் 24 அன்று டென்னசி அணியிடம் 27-3 என்று உதை வாங்கியபோது மூன்று வெற்றி, நான்கு தோல்வி. ‘சொன்னோமே’ என்ற குரல்கள் அந்த வாரம் உச்சத்தில் இருந்தன. அதன் பின் எட்டு ஆட்டம் தொடர்ச்சியாக ஜெயித்து 12-5 என்று முடித்தார்கள். ஹம்ஃப்ரியும் ஸ்மித்தும் 17 ஆட்டங்களிலும் தொடங்கினார்கள். மூன்றாமவர் நியாங் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் இடத்துக்கு வைலி வந்தார். அதே வைலி, டாம்பாவில் திணறியவர். இந்த முறை அவரை அவசரத்துக்கு அந்தக் கோடியில் நிறுத்தவில்லை. மாதக்கணக்கில் அதே இடத்தில் ஆடவிட்டார்கள். 2023 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை எதிர்த்த சூப்பர் பௌலில் வலக்கோடி அவருடையது. அந்த சீசனில் ஈகிள்ஸ் எதிரணி குவார்ட்டர்பேக்குகளைச் சாய்த்தது 70 முறை. அன்று மஹோம்ஸை ஒருமுறைகூடச் சாய்க்க முடியவில்லை. பிரவுன், துனி, ஹம்ஃப்ரி, ஸ்மித், வைலி. இரண்டு வருடத்துக்கு முன் தோற்ற வைலிக்கும் அன்றைய வைலிக்கும் இடையில் மாறியது ஆள் அல்ல.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. கோச் யாரைத் தயார் என்று நினைக்கிறாரோ அவரைத்தான் இறக்குகிறார். இறக்கப்பட்டவர்கள் நன்றாக ஆடியதைக் காட்டி ‘எல்லோரையும் இறக்கலாம்’ என்பது, தேறியவர்களை மட்டும் எண்ணிப் பள்ளியைப் புகழ்வது போல. சரிதான். அதனால் கோச் விரும்பாமலே இறக்க நேர்ந்த ஒருவரைப் பார்க்க வேண்டும். 2022-இல் டாலஸ் கௌபாய்ஸ் 24-ஆவதாக எடுத்த டைலர் ஸ்மித்துக்கு 21 வயது. டல்ஸா பல்கலைக்கழகத்தில் இடது டேக்கிளாக ஆடியவர். விதிமீறிப் பிடித்ததற்காக நடுவர் வீசிய கொடிகள் ஏராளம் என்று ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். முகாமில் அவரை இடது கார்டாகப் பழக்கினார்கள். ஆகஸ்ட் கடைசியில் நட்சத்திர இடது டேக்கிள் டைரன் ஸ்மித்தின் தொடைநாண் பயிற்சியில் கிழிந்தது. அணி 40 வயது ஜேசன் பீட்டர்ஸைக் கூப்பிட்டுக் கொண்டது. பீட்டர்ஸையே நிறுத்துங்கள் என்று ஒரு கூட்டம் கத்தியது. ஆனால் செப்டம்பர் 11 அன்று இடக்கோடியில் நின்றவர் டைலர். அன்று 19-3 தோல்வி, குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டின் கட்டைவிரலும் முறிந்தது. அடுத்து மாற்று குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்கள். டைலர் 17 ஆட்டமும் தொடங்கினார். டிசம்பரில் டைரன் குணமாகி வந்தபோது போய் நின்றது வலக்கோடியில். விபத்து டைலரைத் தன் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டிருந்தது என்பது என் கணக்கு. பதினோரு வருடத்துக்கு முன் அதே டைரன், 20 வயதில், அணி உரிமையாளர்களின் கதவடைப்பால் வசந்தகாலப் பயிற்சியே இல்லாத வருடத்தில், தன் கல்லூரி இடமான வலக்கோடியில்தான் முதலில் ஆடினார். அடுத்த வருடமே இடது.

காத்திருந்து வென்றவர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். ஈகிள்ஸின் ஜோர்டன் மைலாடா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர்; 2018-இல் எடுக்கும்வரை இந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. இரண்டு வருடம் உட்கார்ந்தார், பிறகு லீகின் முன்னணி இடது டேக்கிள்களில் ஒருவரானார். அரிச்சுவடியிலிருந்து தொடங்கியவருக்குக் காத்திருப்பு தேவைதான். கல்லூரியில் மூன்று வருடம் ஆடி வந்தவருக்கு அவரை உதாரணம் காட்டுவது பொருந்தாது. இதைவிடக் கனமான உதாரணம் அதே ஈகிள்ஸின் கேம் ஜர்கன்ஸ். நட்சத்திர சென்டர் ஜேசன் கெல்ஸிக்குப் பின்னால் காத்திருந்து, ஒரு வருடம் கார்டாக ஆடி, கெல்ஸி ஓய்வுபெற்றதும் சென்டராகி, அந்த வருடமே கோப்பை வாங்கினார். ஆனால் கெல்ஸி மாதிரி ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் எந்த அணியும் ரூக்கியை இறக்கப்போவதில்லை. அங்கே விவாதமே இல்லை. மறுபக்கம், இடத்திலேயே வைத்து ஆடியும் முதல் வருடம் அடிவாங்கியவர் நியூயார்க் ஜயன்ட்ஸின் ஆண்ட்ரூ தாமஸ். 2020-இல் வெர்ஃப்ஸுக்கு முன்னால், நான்காவதாக எடுக்கப்பட்டவர். அந்த சீசனின் நடுவில் முன்வரிசைக் கோச்சையே மாற்றினார்கள். குவார்ட்டர்பேக்கும் நிறைய விழுந்தார். என் வாதத்துக்கு இது இடறல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரைத் தொடர்ந்து ஆடவிட்டார்கள். 2022-இல் லீகின் சிறந்தவர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவின் இரண்டாம் அணியில் அவர் பெயர் வந்தது.

உண்மையான சோதனை கான்சஸ் சிட்டிக்கே திரும்பி வந்தது. 2024 டிராஃப்டில் சீஃப்ஸ் மறுபடி 63-ஆவது இடத்தில் ஒரு முன்வரிசைக்காரரை எடுத்தார்கள்: பி.ஒய்.யூ. பல்கலைக்கழகத்தின் கிங்ஸ்லி சுவாமடாயா. ஹம்ஃப்ரியை எடுத்த அதே எண். ரூக்கியை நம்பலாம் என்று 2021-இல் கற்றுக்கொண்ட ரசிகர்கள் இம்முறை கவலைப்படவே இல்லை. அவரை நேரே இடது டேக்கிளாக நிறுத்தினார்கள். கல்லூரியில் அந்தப் பக்கம் அவர் ஆடியது கடைசி ஒரு சீசன் மட்டும். இரண்டாவது ஆட்டத்தில் சின்சினாட்டியின் ட்ரே ஹெண்ட்ரிக்சன் அவரை மீண்டும் மீண்டும் கடந்துபோனார். ஆட்டம் முடிவதற்குள் வெளியே எடுத்துவிட்டார்கள். கோடியில் நிற்பவருக்கு ஒரு பக்கம்தான் தோள் உண்டு, மறுபக்கம் வெட்டவெளி. லீகின் மிக வேகமான ஆட்கள் அந்த வெட்டவெளி வழியாகத்தான் வருவார்கள். நடுவில் நிற்கும் ஹம்ஃப்ரிக்கு இரண்டு தோளும் இருந்தன, இடத்தோள் 80 மில்லியன் டாலர் துனியுடையது. பழைய பாடத்தை ரசிகர்கள் பாதிதான் படித்திருந்தார்கள்: புதியவரை நம்பலாம் என்ற பாதியை. எந்த இடத்தில் என்ற பாதி விட்டுப்போயிருந்தது. அந்த ஓட்டையை அடைக்க அணி செய்த காரியம் இன்னும் விசித்திரம். ஒருவர் சரிவரவில்லை, இன்னொருவரும் சரிவரவில்லை என்று, கடைசியில் லீகின் தலைசிறந்த கார்டுகளில் ஒருவரான துனியையே இடக்கோடிக்கு நகர்த்தினார்கள். 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். அதே ஈகிள்ஸ், இம்முறை ஒருமுறைகூட பிளிட்ஸ் என்று கூடுதல் ஆளை அனுப்பாமல், முன்னால் நிற்கும் நான்கு பேரை மட்டும் வைத்து மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள். 40-22. ஆட்களை இடம் மாற்றி நிறுத்தி, சீஃப்ஸ் டாம்பாவில் செய்ததையே நான்கு வருடம் கழித்து மறுபடி செய்திருந்தார்கள். அப்போது காயத்தைக் காரணம் சொன்னார்கள்.

அந்த வசந்தத்தில் துனியை சிகாகோவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் விட்டுப்போன இடது கார்டு இடத்தில், செப்டம்பர் 5 அன்று சாவோ பாவ்லோவில் சார்ஜர்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் நின்றவர் சுவாமடாயா, வலத்தோளுக்கு ஹம்ஃப்ரி. இடத்தோளுக்கு, அவர் தோற்ற அதே இடது டேக்கிள் இடத்தில், ஜாஷ் சிம்மன்ஸ்: அந்த வருட டிராஃப்டின் 32-ஆவது ஆள், ஒஹையோ ஸ்டேட்டில் இடது டேக்கிளாகவே ஆடியவர், பதினோரு மாதத்துக்கு முன் முழங்கால் நாண் அறுந்து கிடந்தவர். ரூக்கி. ஆகஸ்ட் முழுக்க ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய முழங்காலைப் பற்றி மட்டும்.